பயணத்திற் படம்பிடித்தல்: கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

இலங்கையின் பழம்பதிகளை, அரசாங்கம் அமைத்த தொல்பொருட் குழுவின் பொருட்டு, 1870ஆம் 1871ஆம் ஆண்டுகளிற் படம்பிடித்தவர் யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர். அக்காலத்திற் படச்சுருள் இல்லை. கண்ணாடித் தகடொன்றில் மருந்தைப் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுத்து, ஈரம் உலருமுன் அவ்விடத்திலேயே கழுவி முடித்தல் வேண்டும். ஆதலால் கமராவுடன் கண்ணாடித் தகடுகளும், மருந்துப் போத்தல்களும், நீரும், ஓர் இருட்டுக் கூடாரமும் காட்டுவழியே உடன்செல்ல வேண்டியிருந்தன. பொலனறுவையில் ஒரு கற்சிலையைப் படமெடுப்பதென்றால் ஒரு சிறு தொழிற்சாலையையே அங்கு கொண்டுசெல்வதாகும்.

சில ஆண்டுகள் கழித்து, 1875இல், யூலியா மார்கிரட் கமரன் அம்மையார் இந்நாட்டிற் குடியேறினார். மனித முகங்களைப் படமெடுப்பதில் இங்கிலாந்திற் பெரும்புகழ் பெற்றவர் அவர். 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் இலங்கையில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. வேண்டிய மருந்துகளும் தூயநீரும் எளிதிற் கிடையாமையை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறுவர். கலையும் கருவியும் கைவசம் இருந்தும், துணைப்பொருட்கள் இன்மையால் அக்கை ஓய்ந்தது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. துணைப்பொருள் மிகுந்தால் கால் தளரும்; குறைந்தால் கலை தடைப்படும். இவற்றுக்கிடையே அளவறிந்து நடப்பதே பயணத்திற் படமெடுப்போர் கற்கவேண்டிய முதற்பாடம்.

இன்று லோட்டனின் கூடாரமும் மருந்தும் நீரும் உள்ளங்கை அளவான கருவிக்குள் அடங்கிவிட்டன. எனினும் சுமை குறைந்ததென்று சொல்வதற்கில்லை. கமரா ஒன்று வாங்கினால், அதற்குப் பையென்றும், முக்காலியென்றும், வண்ணக் கண்ணாடிகளென்றும், விளக்கென்றும் கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவர். விடுமுறைச் சுற்றுலாவுக்கு ஆயத்தமாகும் மாணவர் அவற்றையெல்லாம் விரும்புவதும், பணம் கொடுக்கும் பெற்றோர் திகைப்பதும் வழக்கம். இவ்விரு சாராருக்கும் உதவும் எளியதோர் உரைகல் உண்டு. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, “இஃது இல்லாவிடின் நாம் இழப்பது யாது?” என்று வினவுதல் வேண்டும். படத்தையே இழப்போம் என்று விடை வருமாயின் அதனைப் பையில் இடுக. படத்தின் அழகிற் சிறிது குறையும் என்று மட்டுமே விடை வருமாயின் வீட்டில் வைத்துவிடுக.

இவ்வுரைகல்லிற் சில பொருட்களை உரைத்துப் பார்ப்போம்.

பை

பையை இறுதியில் வாங்குவோரே பலர். அதனை முதலில் தேர்ந்துகொள்வது அறிவுடைமை. பை பெரிதானால் அதை நிரப்பும் ஆசையும் பெரிதாகும். கமராவும், இரு கையளவு சிறுபொருட்களும், ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொள்ளுமளவே போதியது. தோளிற் குறுக்காகத் தொங்கி இரு கைகளையும் ஓய்வாக விடுவதாயும், இறுக மூடத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். நல்லூர் முதலிய கோயில்களில் உள்ளே படமெடுத்தல் ஆகாது. ஆடவர் மேலாடையைக் களைந்து செல்வதால் சட்டைப்பையும் உதவாது. அத்தகைய இடங்களிற் கருவியைக் கண்காணாது மூடித் தோளிலே கொண்டிருக்கச் சிறுபையே ஏற்றது. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் ஏறுவோர், மேலதிகமான ஒவ்வொரு கிலோகிறாமின் பொருளையும் பாதிவழியில் தாமே உணர்வர்.

மின்வலு

மின்கலம் தீர்ந்த கமரா ஒரு கல்லுக்குச் சமானம். ஆகவே உரைகல்லில் முதலிற் தேறுவது மேலதிக மின்கலம். கண்ணாடி எதிரொளிப்பின்றித் திரையிற் பார்த்தெடுக்கும் இக்காலக் கமராக்கள் பல, ஒருமுறை மின்னேற்றினால் 300 முதல் 400 வரையிலான படங்களையே தரும். ஒரு நாட் சுற்றுலாவிற்கு இது போதாமற் போகலாம்; ஒரு மேலதிக மின்கலம் இருந்தால் அச்சம் நீங்கும். அதன் நிறையோ 80 கிறாமுக்கு மேற்படாது. குளிரில் மின்கலத்தின் வலு தளரும். ஆதலால் மலையேறுவோர் அதனை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருத்தல் நன்று.

கையடக்கத் தொலைபேசியினாற் படமெடுப்போர் மின்கலத்தை மாற்ற இயலாதாகையால், ‘பவர் பாங்க்’ எனப்படும் மின்சேமிப்புக் கருவியைக் கொள்வர். இங்கே மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்த்தல் தகும். 10,000 மில்லிஅம்பியர்-மணி என்று பொறித்திருப்பது, உள்ளேயுள்ள கலத்தின் 3.7 வோல்ற்று அழுத்தத்திற்குரியது. இரண்டையும் பெருக்க 37 உவாற்று-மணி வரும். வெளியே அது 5 வோல்ற்றாக மாறும்போது, வெப்பமாய் வீணாவதும் போக, ஆறாயிரத்துச் சொச்சமே எஞ்சும். 4,500 மில்லிஅம்பியர்-மணி கொள்ளும் தொலைபேசி ஒன்றை ஒருமுறை நிரப்பிச் சற்று மிச்சமும் இருக்கும், இருமுறை நிரப்பாது. இரண்டு நாட் பயணத்துக்கு ஒருவருக்கு இவ்வளவு போதும்.

தமிழ்நாட்டுத் தலங்களுக்கு யாத்திரை செல்வோர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்க. விமானத்தில் மேலதிக மின்கலங்களும் பவர் பாங்கும் கைப்பையிலேயே செல்லல் வேண்டும். சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தலாகாது. 100 உவாற்று-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. மற்றொன்று, எமது புதிய வீடுகளில் உள்ள 13 அம்பியர் சதுரமுனைப் பிளக், இந்தியாவின் வட்டத்துளைகளிற் பொருந்தாது. இரு நாட்டிலும் மின்னழுத்தம் 230 வோல்ற்றே. ஆதலால் வேண்டுவது முனையை மாற்றும் சிறு இணைப்பி ஒன்று மட்டுமே. சிதம்பரத்திலோ தஞ்சையிலோ விடுதிக்குப் போய்ச் சேர்ந்த இரவில் இதன் அருமை விளங்கும்.

நடுக்கம்

முக்காலியைப் பற்றியே மிகுதியான ஐயம் எழுகின்றது. நல்ல முக்காலி ஒரு கிலோகிறாமுக்குக் குறையாது. மலிவான இலேசான முக்காலியோ காற்றடித்தால் தானே நடுங்கும். பெரும்பாலான பயணிகளுக்கு அது வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. கையாற் பிடித்தெடுக்கும்போது, வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீற்றராயின் மூடியின் வேகம் ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது பழைய விதி. இன்றைய கருவிகள் பலவற்றில் நடுக்கத்தைத் தாமே ஈடுசெய்யும் பொறிமுறை அமைந்துள்ளது. அதனால் அவ்விதி தளர்ந்து, மாலை மங்கலிலும் கையாற் படமெடுத்தல் கூடும்.

அதற்கும் மேல் வேண்டுமாயின் இரு எளிய உபாயங்கள் உள. கமராக்களின் அடியிலுள்ள திருகுத்துளை பெரும்பாலும் கால் அங்குலத் துளையே. அதற்குப் பொருந்தும் திருகாணி ஒன்றில் ஆளுயரமான உறுதியான கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கைநடுக்கம் பெரிதும் அடங்கும். மற்றொன்று, துணியாலான சிறுபை. வீட்டிலிருந்து வெறுமையாகக் கொண்டுசென்று, போன இடத்தில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, மதிலின் மேலிட்டு, அதன்மேற் கமராவை அமர்த்துக. விரல் அழுத்துவதால் வரும் அசைவும் படாதிருக்க இரண்டு செக்கன் தாமதப் பொத்தானைப் பயன்படுத்துக. நள்ளிரவில் மலைப்பாதையின் விளக்குத்தொடரையும் இவ்வாறு படமெடுக்கலாம். படமெடுத்து முடிந்தபின் பையிலுள்ளதைக் கஞ்சி காய்ச்சுதலும் கூடும். எந்த முக்காலிக்கும் இவ்விரண்டாம் பயன் இல்லை.

நீரும் தூசும்

எமது நாட்டிற் கருவிகளுக்குப் பகையாவன மழை, உப்புக்காற்று, மணல், ஈரப்பதன் என்பன. இவற்றுக்கு எதிரான காப்புப் பொருட்கள் யாவும் மலிவானவை. ஆயினும் விலையுயர்ந்த பொருட்களை நாடுவோர் இவற்றையே மறந்துபோவர்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்வோர் மீது கடல்நீர் தெறித்தல் இயல்பு. தடித்த பொலித்தீன் பைகள் இரண்டு இருந்தாற் போதும். ஒன்று கருவிக்கு, மற்றொன்று மின்கலங்களுக்கு. கரைசேர்ந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கமராவின் உடலைத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றுதல் வேண்டும். உப்பு உலர்ந்தபின் துடைப்பது கீறலை வரவழைப்பதாகும்.

வில்லையைத் துடைப்பதற்கு முன் ஊதுதல் விதி. மணற்றுணிக்கை ஒன்று கண்ணாடியின் மேலிருக்கத் துணியால் தேய்த்தால், அது அரத்தைப் போற் கோடு கீறும். ஆகவே கையால் அமுக்கி ஊதும் இறப்பர்க் குமிழ் ஒன்றும், மூக்குக்கண்ணாடி துடைக்கும் நுண்ணிழைத் துணி ஒன்றும் வேண்டும். வேட்டித் தலைப்பும் சேலைத் தலைப்பும் இத்தொழிலுக்கு உரியனவல்ல.

குளிரூட்டிய வாகனத்திலிருந்து பொலனறுவையின் வெயிலில் இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் வில்லை முழுவதும் பனித்துவிடும். குளிர்ந்த பரப்பில் வெப்பக் காற்றின் நீராவி ஒடுங்குவதே காரணம். இறங்குமுன் அதனைப் பொலித்தீன் பையில் இறுக மூடிவைத்தால் நீர் பையின் வெளிப்புறத்திற் படியும். சுமார் அரைமணித்தியாலத்தில் கருவி வெளிவெப்பத்தை அடைந்துவிடும். அதன்பின் எடுத்தால் தீங்கில்லை. வீடு திரும்பியதும் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைக்க வேண்டும். ஈரமும் இருளும் கூடிய அலுமாரியில் மாதக்கணக்கிற் கிடந்தால் வில்லைக்குள் பூஞ்சணம் வேர்விடும். அதனைப் போக்குவது எளிதன்று. அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் பயன்தருவதன்று. அரிசியின் தூசே புதுத் தொல்லையாகும்.

ஒளி

வில்லையின் முன்னே மாட்டும் கண்ணாடிகளுள் பயணிக்கு வேண்டியது ஒன்றேயொன்று, முனைவாக்கும் வடிகட்டி. நீர்ப்பரப்பிலும் இலைகளிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வது. அவ்வொளியை இவ்வடிகட்டி தடுத்துவிடும். அதனாற் குளத்தின் அடியிலுள்ள கல்லும், தேயிலைக் கொழுந்தின் உண்மைப் பச்சையும், வானின் ஆழ்ந்த நீலமும் தோன்றும். சூரியனுக்குச் செங்கோணத்தில் நின்று நோக்கும்போதே வானில் இதன் விளைவு மிகும். படமெடுத்த பின்னர் கணினியில் எவ்வளவு திருத்தினாலும், நீரின் மினுக்கத்தால் மறைந்ததை மீட்க இயலாது. ஆதலாலேயே இது உரைகல்லில் தேறுகின்றது. ஒளியின் அரைப்பங்கையோ அதற்கு மேலுமோ விழுங்குவதால், நிழலான மண்டபங்களில் இதனைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

வில்லைக்கு முன்னால் மாட்டும் மறைப்புக் குழல் சில கிறாம் நிறையே உடையது. பக்கவொளி புகாமற் காப்பதோடு, மோதல்களையும் தூறலையும் தாங்கும். அதனை எப்போதும் மாட்டியே வைத்திருக்கலாம்.

தள்ளத்தக்கன

பெரிய மின்வெட்டொளி விளக்கை வீட்டில் விடுக. தூரம் இருமடங்கானால் ஒளி நாலிலொன்றாகக் குறையும் என்பது பௌதிக விதி. ஆகவே பெரிய மண்டபத்திற்கு அது எட்டாது; அருகிலுள்ள தூணை மட்டும் வெளிறச் செய்யும். பழைய ஓவியங்களின்முன் அதனைப் பயன்படுத்துதல் தகாது. சிகிரியாவின் சுவரோவியங்களைப் படமெடுத்தலே விலக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, மூன்றாவது வில்லைகளும் அவ்வாறே. வில்லையை மாற்றும்போதெல்லாம் தூசு உட்புகும். மாற்றி முடியுமுன் காட்சியும் கடந்துவிடும். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் பெரும்பாலும் ஒரு சிறு கமராவையும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையுமே துணையாகக் கொண்டவர். வில்லை நீளாதவிடத்து, தன் கால்களால் நாலடி முன்னே செல்லக் கற்றவன் நல்ல படமெடுப்பான். காப்பிற்கென விற்கப்படும் புறவூதா வடிகட்டி, வண்ண வடிகட்டிகள், தற்படக் கோல் ஆகியனவும் வேண்டப்படாதன.

காத்தல்

இதுவரை சொன்னவை படத்தை எடுப்பதற்கு உரியவை. எடுத்த படத்தைக் காப்பதற்கு உரியவற்றை இனிக் கூறுவோம். எம்மைப் பொறுத்தவரை இப்பகுதியே தலையாயது.

1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தவர்களும், 2009 வரை வன்னியில் ஊர்விட்டு ஊர் அலைந்தவர்களும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் கடல் கொண்ட கரையோரங்களில் வாழ்ந்தவர்களும், இழந்த பொருட்களை எண்ணும்போது படத்தொகுப்பையும் சேர்த்தே எண்ணுவர். வீட்டை மீண்டும் கட்டலாம். நகையை மீண்டும் வாங்கலாம். பாட்டனாரின் ஒரே படம் போனால் போனதே. பிள்ளைகளுக்குப் பேர்சொல்லிக் காட்ட முகமின்றிப் போன குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ. அத்தொகுப்புகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் படி இல்லாதிருந்தது; படியெடுக்கச் செலவும் தொழிலும் மிகுந்த காலம் அது. இன்று படியெடுப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். இருந்தும் எடுக்காமல் விடுவோர் தொகை பெரிது. தொலைபேசி தொலைந்தால் ஐந்தாண்டுக் குடும்ப வரலாறும் உடன்தொலையும் நிலையிலேயே பலர் வாழ்கின்றனர்.

ஆகவே நினைவு அட்டைகள் இரண்டு கொள்க. 10 மெகாபைற் அளவான படங்களாயின் 64 கிகாபைற் அட்டை ஒன்றில் 6,000க்கு மேற்பட்டவை அடங்கும்; 36 படங்களோடு முடிந்த படச்சுருள் காலத்தவர்க்கு இது வியப்பாகும். ஆனால் அத்தனையையும் ஓரட்டையில் வைப்பதினும், 32 கிகாபைற் அட்டைகள் இரண்டிற் பகிர்வது மேல். ஒன்று பழுதானாலும் பாதிப் பயணம் எஞ்சும். தொலைபேசியோடும் கமராவின் அட்டையோடும் இணையத்தக்க விரலளவு நினைவுக்கோல் ஒன்றையும் கொண்டுசென்று, ஒவ்வோர் இரவும் அன்றைய படங்களை அதிற் படியெடுத்தல் வேண்டும். அக்கோல் கமராப் பையில் இருத்தலாகாது. உடன்வரும் வேறொருவரிடம் இருக்கட்டும். பை களவு போனாலும் படம் போகாது. வீடு வந்தபின் மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது அறிந்தோர் கைக்கொள்ளும் விதி. கொழும்பிலோ கனடாவிலோ உள்ள உறவினரிடம் ஒரு படி இருந்தால் அவ்விதி நிறைவேறும்.

இறுதியாக வேண்டியது ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும். பொலனறுவையின் இரண்டாம் சிவாலயம் சோழர் காலத்தது, பதினோராம் நூற்றாண்டுக்குரியது. இதனை அங்கு நின்றபோதே எழுதிவைத்தவன் பத்தாண்டின் பின்னும் அறிவான். எழுதாதவனுக்கு அது ஏதோ ஒரு கற்கட்டடம். மனிதர் படத்திற்கு இது பின்னும் பொருந்தும். வரிசையில் நிற்போரின் பெயர், முறை, இடம், திகதி ஆகியன எழுதப்படாத படம், ஒரு தலைமுறை கடந்ததும் ஊமையாகின்றது. பழைய படங்களின் பின்புறத்தில் முன்னோர் மையால் எழுதிய இரு வரிகளே இன்று எமக்கு அவர்களை அறிமுகஞ் செய்கின்றன. புறப்படுமுன் கமராவின் கடிகாரத்தைச் சரிசெய்தால் திகதியைக் கருவியே பதிந்துகொள்ளும். பெயரை மனிதரே எழுத வேண்டும்.

இனி நிறுத்துப் பார்ப்போம். மேலதிக மின்கலம் 80 கிறாம், பவர் பாங்க் 250, மின்னேற்றியும் இணைப்புகளும் 100, ஊதுகுமிழும் துணியும் 70, கயிறும் வெறும்பையும் 60, பொலித்தீன் பைகள் 50, வடிகட்டியும் மறைப்புக் குழலும் 50, அட்டைகளும் நினைவுக்கோலும் 20, குறிப்புப் புத்தகமும் பென்சிலும் 80. கூட்டினால் ஏறக்குறைய 760 கிறாம். ஒரு கிலோகிறாமுக்கு உட்பட்டது. தொலைபேசியாற் படமெடுப்போர்க்கு மேலதிக மின்கலமும் வடிகட்டியும் வேண்டாவாகையால் இன்னும் குறையும்.

மாணவர்கள் இப்பட்டியலிற் பணம் மிகுதியாகச் செல்பவை எவையென்று பார்த்து, அவற்றைப் பொறுத்து வாங்கலாம். ஆனால் நினைவுக்கோலையும் குறிப்புப் புத்தகத்தையும் அடுத்த பயணத்திற்கென்று ஒத்திவைத்தல் வேண்டாம். பெற்றோரும் இவ்விடுமுறையில் ஒரு காரியஞ் செய்தல் நலம். வீட்டில் எஞ்சியுள்ள பழைய படங்களை எடுத்து, முதியோர் அருகிருக்கும்போதே ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டெழுதி, பிள்ளைகளைக் கொண்டு படியெடுப்பித்து வைக்கட்டும். இதற்குப் பயணச் சீட்டும் வேண்டியதில்லை.